நேசனின் பாதிக் குரல்

ஒலிப்பதிவுக் கூடங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் அண்மையில் என் வீட்டுக்கு வந்து பழைய ஒலிநாடாக்களைப் பற்றி விசாரித்தீர்கள். எவ்வளவு சூடு காட்டுவது, எப்படித் துடைப்பது, எந்த வேகத்தில் ஓட விடுவது என்றெல்லாம் கேட்டீர்கள். அவற்றை இயந்திரங்களோடு வரும் கைநூல்கள் என்னைவிட ஒழுங்காகச் சொல்லும். நீங்கள் போன பிறகு, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை என்று தோன்றியது. நாடா ஓடும்போது அறைக்குள் யார் இருக்க வேண்டும்?

என் காதுகள் வயதை முந்திக்கொண்டு ஓய்வு கேட்டதால் தொழிலை விட்டு விலகியவன் நான். விலகிய பிறகு எழுதும் குறிப்புகளில் தன் பெருமை கலந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே என்னைப் பற்றி அதிகம் சொல்லாமல், ஒரு இசைத்தட்டைப் பற்றியும், அது மறுபடி வெளிவர யார் சம்மதிக்க வேண்டியிருந்தது என்பதைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

யுத்த காலம். எங்கள் ஸ்ரூடியோ கொட்டாஞ்சேனையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மாடி நடைபாதைக் கதவைத் திறந்தால் தேவாலய மணியும் துறைமுகக் கப்பல்களின் ஊதலும் உள்ளே வரும். மூடினால் பகலா இரவா என்றே தெரியாது. கோயில் பாட்டுக் கசற்றுகள், வானொலி விளம்பரங்கள், திருமண வீடியோக்களுக்குப் பின்னணி இசை, இவைதான் வேலை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு ஃபக்ஸ் வந்தது. கிடைத்தற்கரிய பழைய தட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி வினைல் தட்டாக வெளியிடும் ஒரு சின்ன நிறுவனம். கொழும்பில் பல வருடங்களுக்கு முன் வந்த ஒரு டப் ரெகே தட்டை அவர்கள் வெளியிட விரும்பினார்கள்.

அந்தத் தட்டை நான் அறிவேன். அட்டையில் ஒரு நீலக் கதவின் படம் இருக்கும். பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். நீலக் கதவு என்றால் தெரியும். துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் கொட்டாஞ்சேனையில் விற்றுவிட்டுப் போன ஜமெய்க்கா ரெகே தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஹோட்டல்களில் வாசிக்கும் நாலைந்து இளைஞர்கள் தமிழில் பாட்டுக் கட்டிப் பதிந்தது. கொஞ்சத் தட்டுகள்தான் அடித்தார்கள். அதில் பெரும்பங்கு இனக்கலவரத்தில், விற்ற கடையோடு எரிந்துபோனது. மிஞ்சியவை எப்படியோ கடல் கடந்து போய், வெளிநாட்டில் அதைத் தேடுகிற ஆட்கள் உண்டாகிவிட்டார்கள்.

டப் என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முழுதாகப் பாடிப் பதிந்த ஒரு பாட்டை எடுத்து, கலவை செய்பவர் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார். குரல் போகும், கிற்றார் போகும். அடியில் பேஸும் ட்ரம்மும் மட்டும் வெயிலில் நடக்கும் மாடு மாதிரி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். பிறகு, போன குரலிலிருந்து ஒரேயொரு சொல் திரும்பி வரும். வந்து, எதிரொலியாக மடிந்து மடிந்து தூரத்தில் கரையும். கேட்பவருக்கு வீடு ஒன்றின் அறைகளுக்குள் தூக்கத்தில் நடப்பது போலிருக்கும்.

நீலக் கதவைக் கலவை செய்தவர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரர். நான் தொழிலுக்கு வந்த புதிதில், வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் குறுகிய ஒழுங்கை ஒன்றில் இருந்த அவருடைய ஸ்ரூடியோவில் சில மாதங்கள் இருந்திருக்கிறேன். ரயில் பாதை கொல்லைப்புறத்தோடு போகும். மற்றவர்கள் ரயில் வரும் நேரம் பார்த்துப் பதிவை நிறுத்துவார்கள். அவர் நிறுத்தமாட்டார். ரயில் வந்தால் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, அது எந்தப் பாட்டில் வந்து ஏறிக்கொண்டது என்று சிரிப்பார். அந்த ஸ்ரூடியோவும் பிறகு எரிந்தது. அவரும் காலமாகிவிட்டார். ஆனால் கலவரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, பாடகர் ஆற அமரக் கேட்கட்டும் என்று நீலக் கதவின் நாடாச் சுருள்கள் இரண்டையும் பாடகரின் வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். ஒன்று கலவை செய்து முடித்த டப் நாடா. மற்றது கலவைக்கு முந்தியது. அதில் குரல் தனியாக, வாத்தியங்கள் தனியாக நான்கு தடங்களில் பதிந்திருக்கும்.

அந்தப் பாடகர்தான் நேசன். யுத்தம் மூண்ட பிறகு வவுனியாவில் ஒரு கச்சேரி என்று புறப்பட்டுப் போனவர் திரும்பவில்லை. எங்கே, எப்படி என்று எவருக்கும் தெரியாது. வாத்தியக்காரர்கள் எல்லோரும் வெளிநாடுகளிலிருந்து சம்மதம் அனுப்பிவிட்டார்கள். நேசனுக்காகச் சம்மதிக்க வேண்டியவர் அவருடைய அக்கா. நாடாக்களும் அவரிடம்தான் இருந்தன.

நிறுவனம் அனுப்பிய சம்மதப் பத்திரத்தை நான் பஸ்ஸில் வைத்து வாசித்தேன். வெள்ளவத்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே நேசனின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. புறக்கோட்டையில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் எடுத்துத் திரும்பி வந்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சகோதரனின் சார்பில் என்று மாற்றிப் பத்திரத்தை அனுப்பும்படி எழுதினேன். மறுநாள் மாற்றி அனுப்பினார்கள்; அவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் காகிதத்தை அவர் வாசலில் நின்று முதல் தடவையாக வாசிக்காதீர்கள். அவ்வளவுதான் இதில் பாடம்.

அக்காவை அவர் குடியிருந்த வெள்ளவத்தை ஒழுங்கை முழுவதும் சரோஜா ரீச்சர் என்றே அழைத்தது. அவர் இருந்த தொடர்மாடி வீட்டின் கூடத்தில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள் திறந்து கிடந்தன. மகளிடம் கனடாவுக்குப் போகிறார். விசா வந்து, அந்த வார இறுதியில் விமானம். மிளகாய்த்தூள் பொதிகளைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டே என்னை இருக்கச் சொன்னார். ஜன்னலுக்கு அப்பால் கடல், உப்புக்காற்றில் வெளிறிய திரைச்சீலைக்குப் பின்னால், அசையாத ஒரு வெளிச்சமாக நின்றது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். பொதியைக் கீழே வைத்தார்.

"அந்த றெக்கோட்டை நான் ஒருக்காத்தான் கேட்டனான் தம்பி. என்ர தம்பியின்ர குரலைக் கீரை ஆயிற மாதிரி ஆய்ஞ்சு எறிஞ்சு போட்டினம். ஒரு சொல்லு வருது, பிறகு ஆளைக் காணேல்லை. அதுக்கோ இவ்வளவு கொண்டாட்டம்?"

டப் என்பது அப்படித்தான் என்று விளக்கப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். இப்ப அவன் எங்கையெண்டும் தெரியாது. இருக்கிறது அந்தக் குரல்தான். அதை முழுசாப் போடுறதெண்டால் நான் கையெழுத்து வைக்கிறன். பாதி பாதியாப் போடுறதெண்டால் ரேப் இங்கையிருந்து வெளிக்கிடாது."

அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் மரியாதையாக, உறுதியாகப் பதில் எழுதினார்கள். நீலக் கதவு எப்படி வெளிவந்ததோ அப்படியேதான் வெளிவர வேண்டும். குரலை முழுதாகச் சேர்த்தால் அது வேறொரு தட்டு. அப்படியானால் அவர்கள் விலகிக்கொள்வார்கள். தட்டு அழுத்தும் ஆலையிலும் இடம் ஒதுக்கியாகிவிட்டது, சீக்கிரம் முடிவு தேவை என்றும் இருந்தது.

ஸ்ரூடியோ முதலாளி என் கடிதத்தையும் அவர்கள் பதிலையும் படித்துவிட்டு ஒரு வழி சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. மின்வெட்டுக் காலத்திலும் எங்கள் எல்லோரையும் வேலையில் வைத்திருந்தவர். ரீச்சரிடம் சம்மதமென்று சொல்லி நாடாக்களை வாங்குவது. குரல் முழுதாக உள்ளதை ஒரு கசற்றில் பதிந்து அவர் கையில் கொடுப்பது. தட்டை நிறுவனம் கேட்டபடி அனுப்புவது.

"மனுசி அந்தக் குளிருக்குள்ள போய் றெக்கோட் பிளேயர் வாங்கிக் கேட்கப் போகுதே? அவவுக்குக் குரல் கிடைக்குது, அவங்களுக்கு றெக்கோட் கிடைக்குது. இதில ஆருக்கு ஐசே நட்டம்?"

நீங்கள் இந்தத் தொழிலில் நெடுநாள் இருந்தால் இப்படிப்பட்ட யோசனை நிச்சயம் உங்களிடம் வரும். அதில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைப்பதுபோல் இருக்கும். அப்படி இருக்கும்போது, யாருக்குத் தெரியாமல் அது நடக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இங்கே ரீச்சருக்குத் தெரியாமல் நடக்க வேண்டியிருந்தது. அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. அதோடு, இரண்டு நாடாக்களையும் எங்களில் எவருமே இன்னும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைப் பற்றி எல்லோரும் உறுதியாக இருந்தோம்.

ரீச்சரைக் கூட்டிவந்து உட்கார வைத்து இரண்டையும் கேட்கச் செய்கிறேன், பிறகு அவர் சொல்வதைச் செய்வோம் என்றேன். கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுவார் என்றார் முதலாளி. மறுக்கலாம், அது அவர் தம்பியின் குரல் என்றேன். அவர் போய் வரச் சொல்லிக் கையை அசைத்தார்.

எதையும் வாக்களிக்க முடியாது, ஆனால் முழுக் குரலையும் கேட்கலாம் என்று ரீச்சரிடம் சொன்னேன். பயணத்துக்கு முந்திய நாள் மதியம் வரச் சம்மதித்தார். நாடாப் பெட்டியை என்னிடம் தரவில்லை. பழைய சேலைத் துண்டில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, ஓட்டோவில் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழியில் வீதிச் சோதனைத் தடைமுகாமில் ஓட்டோவை மறித்தார்கள். ஒரு இளம் பொலிஸ்காரர் அடையாள அட்டைகளைப் பார்த்தார்; பிறகு பெட்டியைத் தொட்டு, "மொகத்த மேக்கே?" என்று கேட்டார். உள்ளே என்ன என்கிறார். நான் சிங்களத்தில் விளக்கம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் ரீச்சரே பதில் சொன்னார்.

"மகே மல்லிகே கடஹண்ட."

என் தம்பியின் குரல் என்று. பொலிஸ்காரர் கயிற்றை அவிழ்த்து, சுருள்களைப் பார்த்தார்.

"மல்லி கோ?" தம்பி எங்கே?

"தன்னே நே." தெரியாது.

அவர் அவிழ்த்த கயிற்றைத் தானே திருப்பிக் கட்டினார். முடிச்சு இறுகவில்லை என்று இன்னொரு தடவை கட்டினார். பிறகு போகச் சொல்லித் தலையை ஆட்டினார்.

ஈரமான ஊரில் அலுமாரிக்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்த நாடாவுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பசை இளகி, ஒலி ஏறியிருக்கும் பூச்சு உதிரத் தயாராக இருந்தது. பதப்படுத்திய விதத்தை விட்டுவிடுகிறேன். சரியாகப் போனால் ஒவ்வொரு நாடாவும் ஒரு தடவை ஓடும்; இரண்டாம் தடவையை நம்ப முடியாது. எந்த நாடாவை முதலில் போடுவது என்பதுதான் கேள்வி. முதலாளி டப் நாடாவைச் சொன்னார், வேலை அதுதானே. நான் குரல் நாடாவைப் போட்டேன். ஒருவர் எதற்காக வந்திருக்கிறாரோ அதை முதலில் கேட்டுவிட்டால்தான் மற்றதை அவரால் கேட்க முடியும் என்று நினைத்தேன். பதிவு இயந்திரத்தையும் கூடவே ஓட விட்டேன்.

ரீச்சர் ஸ்பீக்கர்களுக்கு நேரே, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வாத்தியங்களை மூடி, குரல் தடத்தை மட்டும் திறந்தேன்.

முதலில் ஒரு அறை கேட்டது. நீங்கள் கவனித்திருப்பீர்கள், யாரும் பேசாத அறைக்கும் ஒரு ஒலி உண்டு. அதற்குள் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு நேசன், மிக அருகில், காதோரத்தில் பேசுவதுபோல, "தேத்தண்ணி வந்திட்டுதோ?" என்றார்.

ரீச்சர் சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. வாத்தியம் இல்லாத குரல் அது. அவருக்குக் காதில் கேட்ட இசை எங்களுக்குக் கேட்கவில்லை. தனியாக ஒருவர் கடற்கரையில் நடந்துகொண்டு பாடுவதுபோல் இருந்தது. முதல் வரி தெளிவாக வந்தது. இரண்டாவது வரி பாதியில் மங்கியது. நாடா பழுது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அவர் கிட்ட வரவில்லை. கடல்தான் கிட்ட வந்தது. அலை, காகம், யாரோ வாளியை வைக்கும் சத்தம். அவற்றுக்கு அப்பால் எங்கோ நேசன் பாடிக்கொண்டிருந்தார். பிறகு செருப்புச் சத்தம் நெருங்க, குரலும் நெருங்கி, ஒரு சொல்லை மைக்குக்கு நேராகப் பாடிவிட்டு மறுபடி போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேசனால் மைக்கின் முன் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பாடிக்கொண்டே கதவடிக்குப் போகிறார், வெளியே பார்க்கிறார், திரும்பி வருகிறார். கலவை செய்த கொம்பனித்தெருக்காரர் கூப்பிட்டு நிறுத்தவுமில்லை. டப்பில் குரல் மறையும் இடங்களையெல்லாம் கலவைக்காரரின் கைவேலை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பாடகர் போன வழியே கூடப் போயிருக்கிறார், அவ்வளவுதான். முழுக் குரல் என்று ஒன்று இந்த நாடாவில் இல்லை. எங்குமே இல்லை.

இதை எப்படிச் சொல்வது என்று ரீச்சரைப் பார்த்தேன். அவர் கண்களை மூடியிருந்தார்.

"வீட்டிலையும் இப்பிடித்தான்," என்றார் மெதுவாக. "குசினி வாசலில வந்து ஒரு கதையைத் தொடங்குவான். நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள முன் விறாந்தையில நிப்பான். மிச்சக் கதை அங்கையிருந்து வரும். நான் அடுப்படியில நிண்டு ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருப்பன். பாதி விளங்காது. ஓம் சொல்லாட்டிக் கோவம் வந்திடும் அவனுக்கு."

அடுத்த பாட்டின் நடுவில் கரண்ட் போனது. அன்று எங்கள் பகுதிக்கு மின்வெட்டு முறை இல்லை, ஆனாலும் போனது. விளக்குகள் அணைந்தன. சுருள் மெல்ல மெல்ல வேகம் குறைய, நேசனின் குரல் இறங்கி, தடித்து, கிழவருடைய குரலாகி, ஒரு சொல்லின் நடுவில் நின்றது. இருட்டு. ரீச்சர் மூச்சை உள்ளிழுத்தது கேட்டது.

இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இளகிய நாடா, ஒலியைப் படிக்கும் சூடான தலைமுனையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மின்சாரம் எந்த நொடியும் திரும்பலாம், திரும்பினால் இயந்திரம் உதறி இழுக்கும், நாடா அறுந்துவிடும். முதலாளி நடைபாதையிலிருந்து, ஜெனரேற்றரைப் போடுகிறேன், அதை விட்டுவிட்டு மற்ற நாடாவை ஏற்று என்று குரல் கொடுத்தார். நான் சுவரைத் தடவிப் போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு நடைபாதைக் கதவை அகலத் திறந்து வைத்தேன். வெளியிலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்தில், நாடாவை விரல் நகத்தால் நூலிழை நூலிழையாகத் தலைமுனையிலிருந்து உயர்த்தினேன். அவசரத்தில் முதலில் செய்ய வேண்டியது ஓடுவதை ஓட வைப்பதல்ல. இனி எதுவும் தானாக ஓடாதபடி செய்வதுதான்.

நாடா அறவில்லை. ஆனால் தலைமுனையில் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படிவு இருந்தது. பஞ்சால் துடைத்தேன். அதை ரீச்சர் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். நாடாவின் பூச்சு இது, குரல் இதில்தான் ஏறியிருக்கிறது, கொஞ்சம் உதிர்ந்துவிட்டது என்றேன். அவர் பஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிளகாய்த்தூள் பொதி கட்டிச் சிவந்த அவர் விரல்களில் அந்தப் பழுப்பு பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

இதுவரை ஓடியது பதிவாகிவிட்டது என்று சொன்னேன். மிச்சத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் இன்னும் உதிரும். ஓடி முடித்த பிறகு சுருளில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். ஓட்டுவதா விடுவதா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. என் கருத்து என்னவென்றும் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் பஞ்சைத் திருப்பி என் கையில் தந்தார்.

"கேட்காததும் கொஞ்சம் இருக்கட்டும் தம்பி," என்றார். "எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டால் பிறகு என்ன?"

சுருளைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஜெனரேற்றர் கீழே உறுமத் தொடங்கியது. டப் நாடாவை ஏற்றினேன். அது மற்றதைவிட நல்ல நிலையில் இருந்தது. ரீச்சரிடம், இது நீங்கள் விரும்பாத அந்தத் தட்டுத்தான், கேட்க மனமில்லையென்றால் வேண்டாம் என்று சொன்னேன். போடச் சொன்னார்.

பேஸ் வந்தது. தரை அதை மெல்ல ஏற்றுக்கொண்டது. ட்ரம் வந்தது. முதல் வரி வந்து, எதிரொலியாகி, அறையின் மூலைகளுக்குள் போனது. ரீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பை மேற்பார்வை செய்ய வந்தவர் போல. கொஞ்ச நேரத்தில் எழுந்து, கைப்பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு நடைபாதைக்குப் போய்விட்டார்.

தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். சொன்னேனே என்ற பார்வை. நாடாவை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். ஓட விட்டுவிட்டுக் கதவடிக்குப் போனேன்.

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். கையால் என்னை மறித்தார்.

"கதவை மூடாதேங்கோ. அப்பிடியே இருக்கட்டும். அதுக்கு முன்னால குந்தியிருந்து கேட்கிறது சரிவரேல்லை. அவனை நான் எந்தக் காலத்திலையும் முன்னால இருந்து கேட்டதில்லை."

உள்ளே வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகின. பேஸ் மட்டும் நடந்தது. நேசனின் குரல் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனது. அந்தச் சொல் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு அறை தள்ளி, தூரமாகிக்கொண்டே போனது.

"ஓம்," என்றார் ரீச்சர்.

இன்னொரு சொல் வந்து மறைந்தது.

"ஓம்."

கண்ணீர் ஏதும் இல்லை. அடுப்பில் கை வேலையாக இருக்கும்போது மனிதர்கள் பதில் சொல்வதுபோல, பாதிக் கவனத்தோடு, ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த ஒரு சொல். கீழே தெருவில் பஸ்கள் மட்டக்குளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நான் உள்ளே போகவும் இல்லை, அவர் பக்கத்தில் போகவும் இல்லை. வாசற்படியிலேயே நின்றேன். அந்த நாடா முடியும்வரை அப்படியே போனது.

பிறகு வந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, பத்திரத்தை முழுவதும் வாசித்தார். சகோதரனின் சார்பில் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்ததைப் பார்த்தேன். முதலாளி பேனாவை நீட்டினார்.

"மாத்தாமல் போடச் சொல்லுங்கோ," என்றார் ரீச்சர், கையெழுத்து வைத்துக்கொண்டே. "திருத்தி நேராக்கினால் அது அவன் இல்லை."

கேட்டு முடிக்காத சுருளையும், பதிவான பாதியின் கசற்றையும் எடுத்துக்கொண்டு மறுநாள் போய்விட்டார்.

டப் நாடாவிலிருந்து நான் எடுத்த பதிவை நிறுவனத்துக்கு அனுப்பினேன். வினைலுக்கு வெட்டித் தரும் பொறியியலாளர் கவனமான மனிதர். நல்ல பதிவு என்று பாராட்டிவிட்டு ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். குரல் போய்விட்ட இடங்களில் நாடா இரைச்சலும் அறையின் ஒலியும் கொஞ்சம் எஞ்சி நிற்கின்றன, இப்போதுள்ள கருவிகளால் அவற்றைச் சுத்தமாகத் துடைத்து முழு அமைதியாக்கிவிடலாம், செய்யட்டுமா? அவர் கேட்டது தொழில் முறைப்படி நியாயமானதுதான். வேறொரு தட்டுக்கு நானே அதைச் செய்யச் சொல்லியிருப்பேன்.

அந்த இடைவெளிகளில் கை வைக்க வேண்டாம், உள்ள நீளமும் உள்ள ஒலியும் அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன். காரணத்தைத் தெரிவிக்கும்படி மறுபடி கேட்டிருந்தார்.

அங்கே ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.